வால் விழாமல் இருபத்தெட்டு நாள்

இதைத் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. நான் படித்தது எட்டாம் வகுப்பு. அதிலும் முழுப் பரீட்சைக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டார்கள். கடைசிப் பாடம் என்ன என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு விஷயத்தை முதலிலிருந்து கடைசிவரை ஒழுங்காகச் சொல்வது எப்படி என்பதுதான் அந்தப் பாடமோ என்னவோ.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்பதிலேயே பயம். பல்லியிலிருந்து ஆரம்பித்தால் என் வீட்டுக்காரர் கோபித்துக்கொள்வார். அவரிலிருந்து ஆரம்பித்தால் பல்லி ஒன்றும் கோபித்துக்கொள்ளாது. அதனால் அவரிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அவர் பெயர் கௌஸ் முகைதீன். துபாய்க்குப் பக்கத்தில் புஜைராவில் கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் ஒரு கம்பெனியில் இருபத்தொரு வருடமாக ஸ்டோர் பார்க்கிறார். மகன் சென்னையில் காலேஜ் ஹாஸ்டலில் இருக்கிறான். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். என் பயத்தையும் சேர்த்தால் மூன்று.

எனக்கு லிஃப்ட் என்றால் பயம். அதனால் மூன்று மாடியும் படியேறுவேன். படியில் பூனை படுத்திருக்குமோ என்று பயம். அதனால் பாதி நாள் வெளியே போவதே இல்லை. வீட்டிலேயே இருந்தால் குக்கர் வெடிக்குமோ என்று பயம். பயந்தால் கத்துவேன். நான் கத்தினால் கீழே மளிகைக்கடைக்காரர் அண்ணாந்து பார்ப்பார். இதெல்லாம் எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் பழகிப்போன விஷயம். என் வீட்டுக்காரருக்கு மட்டும் இருபத்தாறு வருடமாகியும் பழகவில்லை.

ஜூலை மாதம் ஒரு நாள் சாயங்காலம் அசர் நேரத்தில் டியூட்டி முடிந்து வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"பாஹிமா, பத்மநாதன் சார் லீவுல யாழ்ப்பாணம் போறாரு. அவரோட லெப்பர்டை நாலு வாரத்துக்கு நம்ம வீட்டுல விடப்போறாரு."

எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனால் லெப்பர்ட் என்றால் சிறுத்தை என்று தெரியும். வளைகுடாவில் இருபது வருடம் இருந்தவர்களுக்கு அது தெரியாமல் இருக்காது. பெரிய காரின் முன்சீட்டில் சிறுத்தைக்குட்டி உட்கார்ந்து போகிற வீடியோ எத்தனை வந்திருக்கிறது! பத்மநாதன் சார் அவருடைய மேனேஜர். மேனேஜரிடம் சிறுத்தை இருக்கக் கூடாதா என்ன?

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"மச்சான், நம்ம வீடு ஒரே பெட்ரூமு. அது எங்க படுக்கும்?"

"ஹால்ல."

"நாம?"

"பெட்ரூம்ல. தாழ்ப்பாள் போட்டுக்கலாம்."

"பாத்ரூம் ஹால்லேருந்துதானே போகணும்?"

"நாலு வாரந்தானே புள்ள. சமாளிக்க மாட்டியா?"

பொழுது சாய்கிற மஃரிப் வரைக்கும் என்னை நடுங்கவிட்டார். நான் தெரிந்த துவா எல்லாம் ஓதினேன். தெரியாததையும் பாதி பாதி ஓதினேன். கடைசியில் துண்டு போட்டு மூடிய ஒரு கண்ணாடிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஹாலில் மேஜைமேல் வைத்துத் துண்டை எடுத்தார்.

உள்ளே ஒரு சாண் நீளத்துக்கு ஒரு பல்லி.

"அல்ஹம்துலில்லாஹ், பல்லிதானா!" என்று சொல்லிவிட்டேன்.

"பார்த்தியா, நீயே அல்ஹம்துலில்லாஹ் சொல்லிட்ட. இனி பேச்சு மாறக் கூடாது" என்றார். முகத்தில் ஒரு சிரிப்பு. லெப்பர்ட் கெக்கோ என்பதுதான் அதன் முழுப்பெயராம். பாதியை மட்டும் சொல்லி என்னை இரண்டு மணி நேரம் சிறுத்தையோடு குடும்பம் நடத்த வைத்ததே, பல்லியைப் பார்த்ததும் நான் நிம்மதிப்பட வேண்டும் என்பதற்காகத்தான். ஸ்டோரில் இருக்கிற மூளை வீட்டுக்கும் வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

பல்லி என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. எங்கள் ஊரில் பல்லியை அடித்தால் நம் கணக்கில் நன்மை எழுதப்படும் என்பார்கள். என் வயதுப் பிள்ளைகள் எல்லாம் விளக்குமாற்றோடு நன்மை தேடி அலைந்தார்கள். நான் பயந்து ஓடிவிடுவேன். என் நன்மையில் பல்லிக் கணக்கு ஒன்றுகூடக் கிடையாது.

இது நம் வீட்டுப் பல்லி மாதிரி இல்லை. மாம்பழ மஞ்சள் நிறம். மேலெல்லாம் கறுப்புப் புள்ளி. பெயரும் மேங்கோவாம். நம் பல்லி கண் சிமிட்டாது. இது சிமிட்டும். அதுவும் என்னைப் பார்த்து. வாய் இரண்டு பக்கமும் இழுத்துக்கொண்டு எப்போதும் சிரித்த மாதிரி இருக்கும். வால் மட்டும் கொழுக்கட்டை மாதிரி உப்பியிருக்கும். தின்ற கொழுப்பையெல்லாம் அதில்தான் சேர்த்து வைக்குமாம்.

"பயப்படாதே. இது செவுத்துல ஏறாது. காலுல பசை கிடையாது. தரையிலதான் நடக்கும்."

"என் காலும் தரையிலதானே மச்சான் நடக்குது?"

அதற்குப் பதில் சொல்லாமல் சட்டைப்பையிலிருந்து இரண்டு தாளை எடுத்தார். எல்லாம் இங்கிலீஷ். பத்மநாதன் சார் தந்த விதிமுறையாம். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"கவனமாக் கேளு. ஒண்ணு. பெட்டியில ஒரு பக்கம் சூடா இருக்கணும், ஒரு பக்கம் குளிர்ச்சியா இருக்கணும்."

"ஜூலை மாசத்துல சூட்டுக்கா பஞ்சம்? பால்கனியில வெச்சா என்ன?"

"கருவாடாயிடும். பெட்டிக்கு அடியில கரண்டுல சுடுற பாய் இருக்கு, அது போதும். ரெண்டு. ஒருநாள் விட்டு ஒருநாள் மஃரிபுக்கு அப்புறம் சிள்வண்டு குடுக்கணும். உயிரோட. வெள்ளைப் பவுடர்ல பெரட்டி."

"பொரிக்கவா?"

"பொரிக்கிறதுக்கில்ல. அது கால்சியம் பவுடர். மூணு." இங்கே குரலை இறக்கினார். "வாலைத் தொடக் கூடாது. இது ரொம்பப் பயந்துச்சுன்னா வால் கழண்டு விழுந்துரும்."

"திரும்ப முளைக்காதா?"

"முளைக்கும். டூப்ளிகேட் சாமான் மாதிரி கட்டையா முளைக்கும். சார் ஒரே பார்வையில கண்டுபிடிச்சிருவாரு. இது வால் இல்ல பாஹிமா. நம்ம விசா."

அது நிஜம். கம்பெனியில் ஆகஸ்ட் கடைசியில் ஒரு லிஸ்ட் போடுகிறார்கள். ஐம்பத்தைந்து வயது தாண்டியவர்களில் யாரை வைத்துக்கொள்வது, யாரை ஊருக்கு அனுப்புவது என்று. கையெழுத்து பத்மநாதன் சாருடையது. என் வீட்டுக்காரருக்கு ஐம்பத்தாறு. மகனுக்குக் காலேஜ் இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. பத்மநாதன் சாருக்குப் பிள்ளைகள் இல்லை. இந்தப் பல்லிதான் அவருக்குப் பிள்ளை. அதை வாலோடு வாங்கினோம். வாலோடு திருப்பிக் கொடுக்க வேண்டும்.

நான் பெட்டியிலிருந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தேன்.

அவர் தாளைத் திருப்பினார். என்னைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்.

"நாலு. வீட்டுல சத்தம் போடக் கூடாது. சத்தம் கேட்டா வால் விழுந்துரும்."

"நானா?"

"உன் பேரெல்லாம் போடல. பொம்பளைங்கன்னு பொதுவாத்தான் போட்டிருக்கு."

"சரி."

"ஏழு. பாத்துக்கிற ஆம்பளையைச் சாயங்காலத்துல வேலை ஏவக் கூடாது. குப்பை போடுறது, கடைக்குப் போறது, எதுவும். ஆளு டென்ஷனானா அதுக்குத் தெரிஞ்சிருமாம்."

"டிவி பாக்கலாமா?"

"சீரியல் கூடாது. அழுகைச் சத்தம். மேட்ச் மட்டும் பாக்கலாம். அது திங்கிற சிள்வண்டுக்கு இங்கிலீஷ்ல கிரிக்கெட்டுன்னுதான் பேரு. அதனால அதுக்குப் பழக்கம்."

"ஓ."

"பதினொண்ணு. வீட்டுல இனிப்பு எதையும் ஒளிச்சு வைக்கக் கூடாது."

"அது ஏன்?" அவருக்குச் சர்க்கரை இருக்கிறது. அல்வா டப்பாவை நான்தான் அரிசிப் பைக்குள் ஒளித்து வைத்திருந்தேன்.

"தேடும்போது அலமாரிச் சத்தம் கேக்கும்ல?"

மொத்தம் பதினாலு விதி. "சார் ரொம்ப விவரமா எழுதியிருக்காரு" என்றேன். "படிச்ச மனுஷன்" என்றார்.

அன்றிலிருந்து நான் கத்தவில்லை. நினைத்துப் பாருங்கள். மழைக்காலத் தவளையிடம் போய்ச் சத்தம் போடாதே என்று சொன்ன மாதிரி. காலிங்பெல் அடித்தால் முந்தானையை வாயில் திணித்துக்கொள்வேன். விசில் அடிக்கும் என்று குக்கரை மேலே தூக்கி வைத்துவிட்டுச் சட்டியில் சோறு வடித்தேன். ஆணம் தாளிக்கும்போது கடுகு வெடிக்குமே என்று தாளிப்பதையே நிறுத்தினேன். ஒருநாள் அந்தப் பல்லி கண்ணாடியில் முன்னங்காலை வைத்து நின்று என்னையே பார்த்தது. வயிற்றுக்குள்ளிருந்து ஒரு கத்தல் கிளம்பிக் கழுத்துவரை வந்துவிட்டது. அதை அப்படியே முழுங்கினேன். இரண்டு நாளைக்கு நெஞ்சு கரித்தது.

என் வீட்டுக்காரருக்கோ பொற்காலம். சோபாவில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு மேட்ச் பார்த்தார். மடியில் அல்வா டப்பா. நான் வாயைத் திறந்தால் போதும். விரலைப் பெட்டிப் பக்கம் நீட்டி ஒரே ஒரு சொல் சொல்வார்.

"மச்சான், சுகர் டெஸ்ட் எடுக்க..."

"வால்."

"இது மூணாவது துண்டு..."

"வால்."

"நாலு நாளாக் குப்பை..."

"வால்!"

சிள்வண்டு கொடுக்கும் நேரத்தில் மட்டும் ஹால் கதவைச் சாத்திக்கொள்வார். என்னைச் சமையலறையில் நிற்கச் சொல்வார். பத்து நிமிடம் கழித்து முகமெல்லாம் வேர்த்து வெளியே வருவார்.

"சாப்பிட்டுச்சா?"

"என் கையாலயே வாங்கிச் சாப்பிட்டுச்சு. வேற யாரு குடுத்தாலும் மூஞ்சியத் திருப்பிக்கும். என் கையிக்கு அப்படி ஒரு ராசி."

"ஏசியில எதுக்கு இப்படி வேர்க்குது?"

"பாசத்துல."

ஆனால் அந்த நாட்களில் மட்டும் சட்டி பிடிக்கிற நீள இடுக்கி காணாமல் போய்விடும். ஒருநாள் மெதுவாகக் கதவைத் திறந்து பார்த்தேன். சோபாமேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். இடுக்கியின் இந்த நுனியில் அவர். அந்த நுனியில் சிள்வண்டு. இரண்டு கண்ணும் இறுக்க மூடியிருந்தது, அவருக்கு. சிள்வண்டு தப்பித்து அவர் கைலியில் தாவியது. அவர் சத்தமே இல்லாமல் ஒரு ஆட்டம் ஆடினார். அப்படி ஒரு ஆட்டத்தை எங்கள் கல்யாணத்தில்கூட யாரும் ஆடவில்லை.

கதவைச் சாத்திவிட்டேன். சிரிப்பு வரவில்லை. பயம் இரண்டு மடங்கானது. இந்த வீட்டில் ஒரு ஆளாவது பயப்படாமல் இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் நான் இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தேன். அவரும் பயந்தால் நான் யாரை நம்பிப் பயப்படுவது?

இருபதாம் நாள். அவர் காலையிலேயே லாஞ்சில் ஏறி, வெளிக்கடலில் நங்கூரம் போட்டிருந்த கப்பலுக்குச் சாமான் கொண்டு போயிருந்தார். அங்கே போனால் சிக்னல் கிடையாது. நான் மதியம் லுஹர் தொழுதுவிட்டு ஹாலுக்கு வந்தேன். பெட்டியைப் பார்த்தேன்.

மஞ்சள் இல்லை. புள்ளி இல்லை. தலையிலிருந்து வால்வரை வெள்ளை. மையத்துக்குக் கஃபன் துணி போர்த்திய மாதிரி. அசையாமல் கிடந்தது.

கத்தத்தான் வந்தது. வால் இன்னும் இருந்தது. முழுங்கினேன். அவருக்குப் போன் போட்டேன். போகவில்லை. பதினாறு தடவை போட்டேன். மேனேஜர் பிள்ளை நம் வீட்டில் மௌத்தாகிக் கிடக்கிறது. லிஸ்ட், விசா, மகன் படிப்பு, ஊருக்குப் போகிற விமானத்தில் நடுச்சீட்டு எல்லாம் வரிசையாகக் கண்முன்னால் வந்தது. தாளின் அடியில் ஒரு நம்பர் இருந்தது. இங்கிலீஷ்தான் தெரியாதே தவிர நம்பர் எனக்குத் தெரியும். போட்டிம் ஆப்பில் கூப்பிட்டேன். எடுத்தது பத்மநாதன் சாரின் மனைவி சிவரூபி.

"ஆர், பாஹிமா அக்காவோ? சுகமா இருக்கிறியளே?"

"மேடம்," என்றேன் கிசுகிசுவென்று. "மன்னிச்சிருங்க மேடம். வெளுத்துப் போச்சு. நான் எதுவும் செய்யல."

"என்னக்கா? கேக்கேல்ல. ஏன் இப்பிடிக் குசுகுசுத்துக் கதைக்கிறியள்?"

"சத்தம் போட்டா வால் விழுந்துருமே மேடம்."

"ஆர் சொன்னது?"

"சார்தான் எழுதியிருக்காரு. நாலாவது விதி."

அந்தப் பக்கம் நாற்காலி இழுக்கிற சத்தம் கேட்டது.

"அக்கா, இவர் விடியக் காலமை மிருதங்கம் அடிக்கிறவர். அதின்ர பெட்டிக்குப் பக்கத்தில இருந்துதான் அடிக்கிறவர். அது நித்திரையில புரண்டுகூடப் படுக்கிறேல்ல. சத்தத்துக்கு ஒண்டும் வால் விழாது. ஆரும் பிடிச்சு இழுத்தால்தான் விழும்."

"அப்ப பதினொண்ணு? இனிப்பை ஒளிச்சு வைக்கக் கூடாதுன்னு?"

"பதினொண்டோ? நான்தானே அக்கா டைப் பண்ணிக் குடுத்தனான். மொத்தமே ஆறுதான்!"

நான் சோபாவில் உட்கார்ந்தேன். அல்வா டப்பாமேல் உட்கார்ந்துவிட்டேன்.

"மேடம், அதெல்லாம் இருக்கட்டும். இது செத்துப்போச்சே!"

"சாகேல்ல. தோல் கழட்டப் போகுது. வடிவாப் பாருங்கோ. மூலையில இருக்கிற ஈர டப்பாக்குள்ள போகும்."

பார்த்தேன். போனது. அதற்கப்புறம் நடந்ததை எழுதவே பயமாக இருக்கிறது. கையுறையைக் கழற்றுகிற மாதிரி தன் தோலைத் தானே வாயால் இழுத்துக் கழற்றியது. கழற்றியதைத் தானே தின்றது. தின்றுவிட்டுப் புது மஞ்சளாக, புதுப் புள்ளியோடு என்னைப் பார்த்துக் கண் சிமிட்டியது. நான் கத்தினேன். இருபது நாள் சேர்த்து வைத்திருந்த அத்தனையையும் ஒரே மூச்சில் கத்தினேன். பக்கத்து ஃபிளாட்டில் குழந்தை அழுதது. கீழே மளிகைக்கடை ஷட்டர் இறங்கியது.

வால் இருந்த இடத்திலேயே இருந்தது.

"இப்ப நிம்மதியோ அக்கா?" என்று சிவரூபி சிரித்தார். "உங்களுக்கு அதில எவ்வளவு உயிர் எண்டு இப்பத்தான் விளங்குது. உங்கட மனுசன் இவருக்குச் சொன்னவர். மகன் காலேஜுக்குப் போனதில இருந்து வீடு வெறிச்செண்டு கிடக்காம். மேங்கோ வந்த பிறகுதான் நீங்கள் அமைதியா இருக்கிறியளாம். திருப்பி எடுத்தால் தாங்கமாட்டியளாம். இவருக்கும் மனசு இரங்கிப் போச்சு. டிசம்பர் மட்டும் உங்களிட்டயே இருக்கட்டுமாம்."

டிசம்பர்! இன்னும் நாலு மாதம் இந்தப் பல்லி. நாலு மாதம் "வால்".

வேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் என் வீட்டுக்காரர் மேனேஜரிடம் பொய் சொன்னவர் ஆகிவிடுவார். லிஸ்டிலிருந்து அவர் பெயர் போகும். சரி என்றும் சொல்லலாம். சொன்னால் என் உயிர் போகும். நான் பொய் சொல்லவும் மாட்டேன். சொன்ன பொய்யை மறந்துவிடுவேனோ என்ற பயம்தான். யோசித்தேன். கடைசியில் உண்மையையே சொன்னேன். அதாவது, அவர் என்னிடம் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் அப்படியே சொன்னேன்.

"மேடம், அதுக்கு என்கிட்ட ஒண்ணும் ஒட்டுதல் இல்ல. எல்லாம் அவருகிட்டதான். அவரு கையாலயே வாங்கிச் சாப்பிடுதாம். வேற யாரு குடுத்தாலும் மூஞ்சியத் திருப்பிக்குமாம். அவரேதான் சொன்னாரு. பாசத்துல வேர்த்துப் போயிருவாரு மேடம்."

போனில் ஏதோ உருளுகிற சத்தம். பத்மநாதன் சாரின் குரல் வந்தது. கம்பெனியில் அந்தக் குரலுக்கு எழுந்து நிற்பார்கள். நானும் நின்றேன்.

"என்ன? கையாலயோ?"

"ஆமா சார்."

"ஆறு வருசமா நான் இடுக்கியாலதான் குடுக்கிறன். ஒருநாளும் என்ர கையால வாங்கேல்ல." குரல் தழுதழுத்தது. "நான் வந்து கண்ணால பாக்கோணும்."

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்ததும் இதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நினைத்தேன். மறைக்கிற பழக்கம் எனக்கில்லை.

"மச்சான், இன்னிக்கு சிவரூபி மேடம்கிட்ட..."

"வால்."

"பத்மநாதன் சாரு வந்ததும் உங்களை..."

"வால்!"

"உங்க கையால அவரு கண்ணு முன்னாடி..."

"எத்தனை தடவை சொல்றது? வால்!"

மூன்று தடவை சொல்லப் பார்த்தேன். அதற்குமேல் ஒரு பெண் என்ன செய்ய முடியும்?

இருபத்தெட்டாம் நாள் பெட்டியோடு பத்மநாதன் சார் வீட்டுக்கு வரச் சொன்னார்கள். டிசம்பர் விஷயத்தை நேரில் பேசி முடிக்கத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் அத்தர் பூசிக்கொண்டு கிளம்பினார். காரில் பெட்டி என் மடியில். சீட் பெல்ட் பெட்டிக்கு. எனக்குப் பாதுகாப்பு, ஓதிக்கொண்டே வந்த ஆயத்துல் குர்ஸி.

சார் வாசலிலேயே பெட்டியை வாங்கினார். கண்ணாடி போட்டுப் பார்த்தார். கண்ணாடி கழற்றிப் பார்த்தார்.

"வால் முந்தியவிடக் கொழுத்திருக்கு. சந்தோசம் கௌஸ்."

என் உயிர் பாதி திரும்பி வந்தது. சார் மிருதங்கத்தை மடியில் எடுத்து வைத்தார். "எழுப்புவம்" என்று பெட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து தாம் தீம் என்று அடித்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. பல்லி சாவகாசமாக எழுந்து கொட்டாவி விட்டது.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் கூரையைப் பார்த்தார்.

"சார், டிசம்பர் வரைக்கும்..." என்று ஆரம்பித்தார்.

"அது இருக்கட்டும். உம்மட மனுசி எல்லாம் சொன்னவ. நாளைக்கு லிஸ்டில கையெழுத்து வைக்கிறதுக்கு முதல் அந்த அதிசயத்தை நான் ஒருக்காப் பாக்கோணும். கையால குடும்."

சிவரூபி ஒரு கிண்ணத்தில் சிள்வண்டைக் கொண்டுவந்து நீட்டினார். வெள்ளைப் பவுடரில் புரட்டியிருந்தது.

"கையாலயா சார்?"

"ஓம். வேற ஆர் குடுத்தாலும் வாங்காதாமே."

என் வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இருபத்தாறு வருடத்தில் அப்படி என்னைப் பார்த்ததில்லை. நிக்காஹ் அன்றுகூட இல்லை. பிறகு சிள்வண்டை இரண்டு விரலால் பிடித்தார். பிடித்தபோதே உதடு கோணியது. கை பெட்டிக்குள் இறங்கியது. பல்லி தலையைச் சாய்த்துப் பார்த்தது. பின்புறத்தை ஆட்டிக் குறி வைத்தது. ஒரு பாய்ச்சல். சிள்வண்டையும் கவ்வியது. கூடவே விரல் நுனியையும் கவ்வியது.

"யா அல்லாஹ்! உம்மா!"

அந்தக் கத்தலுக்கு முன்னால் என்னுடையதெல்லாம் ஒன்றுமே இல்லை. துறைமுகத்தில் கப்பல் திரும்பியிருக்கும். சிவரூபி கிண்ணத்தைப் போட்டுவிட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். லிஸ்ட் போச்சு, விசா போச்சு என்று எண்ணினேன். பயந்து பயந்து ஒரு கண்ணைத் திறந்து பார்த்தேன்.

வால் இருந்தது. பல்லி மென்றுகொண்டிருந்தது. பத்மநாதன் சாரின் கண் கலங்கியிருந்தது.

"இவ்வளவு கத்தியும் வாலைப் போடேல்ல, பாத்தீரே? அவ்வளவு நம்பிக்கை உம்மில!" என்று என் வீட்டுக்காரர் தோளைத் தட்டினார். "கையெழுத்து வைச்சிட்டன் எண்டே நினையும். மேங்கோ இஞ்சயே இருக்கட்டும், பெட்டியோட அதை ஏன் அலைக்கழிக்கோணும். நீர் மஃரிப் தொழுதிட்டு ஒருநாள் விட்டு ஒருநாள் இஞ்ச வாரும். உம்மட கையாலயே குடும்."

"எவ்வளவு நாளைக்கு சார்?" என் வீட்டுக்காரர் விரலைச் சப்பிக்கொண்டே கேட்டார்.

"அது இருபது வருசம் இருக்குமாம். இப்ப ஆறுதானே ஆகுது."

திரும்பி வரும்போது கார்னிஷ் கடற்கரை ரோடு முழுக்க ஒரு கையால்தான் ஓட்டினார், கடிபட்ட விரல் வாயில். ரவுண்டானா வந்தது.

"நீதானே போட்டுக் குடுத்த?"

"நான் சொல்ல வந்தேன் மச்சான். மூணு தடவை."

அவர் ஹாரனை அடித்தார், முன்னால் ஒரு வண்டிகூட இல்லை.

வைத்துக்கொள்கிறவர்கள் லிஸ்டில் அவர் பெயர் வந்துவிட்டது. குக்கரைக் கீழே இறக்கிவிட்டேன். ஆனாலும் பயம் போகவில்லை. அடுத்த வருடமும் லிஸ்ட் உண்டல்லவா? போன செவ்வாய்க்கிழமை மஃரிபுக்குப் போனவர் பத்தே நிமிடத்தில் திரும்பிவந்து, "குடுத்தாச்சு, வயிறு நிறையச் சாப்பிட்டுச்சு" என்றார். வாயில் டீ வாசனை. சிவரூபிக்குப் போன் போட்டுக் கேட்டேன். ஆள் அந்தப் பக்கமே வரவில்லையாம்.

அதனால் பாதுகாப்புக்காக ஒரு ஏற்பாடு செய்துகொண்டேன். அவர் கிளம்பினதும் உள்தாழ்ப்பாளைப் போட்டுவிடுவேன். சிவரூபி அனுப்புகிற போட்டோவில் என் வீட்டுக்காரர் கையும் அந்தப் பல்லியின் வாலும் ஒன்றாகத் தெரிந்தால்தான் திறப்பேன். அதுவரை அவர் வாசலில் நின்று தட்டிக்கொண்டிருப்பார். நான் உள்ளே சத்தமாக சீரியலை வைத்துக்கொண்டு, "யாருன்னு தெரியலையே, எனக்குப் பயமா இருக்கே" என்பேன்.